8.26 கிலோவிலிருந்து 8.90 கிலோ வரை: ஒரு கார்பன் மவுண்டன் பைக்கைக் கட்டி ஓட்டிப் பார்த்த கதை

இந்த ஆய்வு ஒரே ஒரு சைக்கிளைப் பற்றியது. 29 அங்குலச் சக்கரம், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், கார்பன் ஃபிரேம். ஹார்ட்டெயில் என்று சொல்லப்படும் வகை. ஓட்டுபவர் 68 கிலோ எடையுள்ள இளைஞர். கிராஸ்கன்ட்ரி பந்தயங்களில் ஏற்றத்தில் முந்திப் போய், சேர்த்த நேரத்தையெல்லாம் இறக்கத்தில் தொலைத்துவிட்டு வருவது அவர் வழக்கம். அவர் கேட்டது சுருக்கமானது: முடிந்தவரை இலேசாக இருக்க வேண்டும், பந்தயத்தின் நடுவில் உடையக் கூடாது. இந்த இரண்டு கோரிக்கைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பவை என்பது சைக்கிள் கட்டுகிற எவருக்கும் தெரியும்.

நாங்கள் பேசி முடிவு செய்த வழி இது. முதலில் பாதுகாப்பில் கை வைக்காமல் எடையை அடிமட்டம் வரை குறைத்துக் கட்டுவது. பிறகு ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் எடையைத் திருப்பிக் கொடுத்தால் சைக்கிள் வேகமாகிறதோ அங்கே மட்டும் கொடுப்பது. பெரும்பாலோர் இதற்கு எதிர்த்திசையில் போவார்கள். கனமான சைக்கிளை வாங்கி, போல்ட் போல்ட்டாக மாற்றி இலேசாக்குவார்கள். அந்த வழியில் குறைத்த ஒவ்வொரு கிராமும் லாபமாகவே தோன்றும். எந்தக் கிராம் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது.

முதல் வடிவம் பெடலோடு 8.26 கிலோ. இப்போது ஓடுவது 8.90 கிலோ. இடையில் ஏறிய 640 கிராமின் கணக்கைத்தான் கீழே சொல்லப்போகிறேன். "பெடலோடு" என்பதை அழுத்திச் சொல்கிறேன். விளம்பர எடைகளில் பெடலைக் காண்பது அபூர்வம். பெடல் இல்லாமல் ஓட்டுகிற யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஃபிரேம்

சாலைப் பந்தய சைக்கிளுக்கு உலக சைக்கிள் சம்மேளனம் 6.8 கிலோ என்ற கீழ்வரம்பை 2000-ஆம் ஆண்டு முதல் வைத்திருக்கிறது. மவுண்டன் பைக்குக்கு அந்த வரம்பு இல்லை. எனவே எவ்வளவு குறைக்கலாம் என்பதை விதி தீர்மானிப்பதில்லை. கல்லும் வேரும்தான் தீர்மானிக்கின்றன.

ரெசினோடு சேர்ந்த கார்பனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம். அலுமினியம் 2.7, எஃகு 7.8. ஆனால் அடர்த்தி பாதிக் கதைதான். உலோகக் குழாய் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். கார்பனில் இழை எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் பலம். ஃபிரேம் வடிவமைப்பாளர், மிதியின் அச்சு சுழலும் இடமான பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி முறுக்கைத் தாங்கும்படி சாய்வாகவும், பின்பக்கக் குழாய்களில் நீளவாக்காகவும் இழைகளை அடுக்குகிறார். எடை குறைவது இங்கேதான். தேவையில்லாத திசையில் பொருளே போடுவதில்லை. இதன் மறுபக்கம், யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து வரும் அடி. மேல்குழாயின் நடுவில் ஒரு கல் விழுந்தால் அந்த இடத்தின் சுவர் அதற்காகக் கட்டப்பட்டதல்ல.

இழையின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோரே நிறுவனத்தின் டி700 இழையின் மீட்சிக் குணகம் 230 ஜிகாபாஸ்கல், டி800 இழையினுடையது 294. எண் கூடினால் விறைப்பு கூடும். அதே விறைப்பைக் குறைந்த பொருளில் பெறலாம். அடி தாங்கும் குணம் அந்த எண்ணோடு சேர்ந்து வருவதில்லை. "டி800 ஃபிரேம்" என்று கேட்டதும் இரும்புக்கோட்டை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபிரேம் வந்ததும் தராசில் 985 கிராம். எதையும் பொருத்துவதற்கு முன் ஒரு நாணயத்தால் எல்லாக் குழாய்களையும் இரண்டு விரல் இடைவெளியில் தட்டிக் கேட்டேன். நல்ல அடுக்கு கணீர் என்று ஒலிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாகும். குழாய்கள் கூடும் இடங்களில் சுவர் தடிமன் மாறுவதால் ஒலியும் மாறும். அதனால் இடது பக்கத்தின் ஒலியை வலது பக்கத்தின் அதே இடத்தோடு ஒப்பிட வேண்டும். தனியாகக் கேட்டு முடிவு சொல்லக் கூடாது. பின் பிரேக்கின் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) உட்காரும் பரப்பில் பெயின்ட் திட்டாக நின்றிருந்தது. அதைச் சீவிச் சமன் செய்யாமல் விட்டால் டிஸ்க் உரசுவதற்குக் காரணம் தேடி வாரக்கணக்கில் அலைய நேரிடும்.

இந்த ஃபிரேமை நான் விரும்பிப் பரிந்துரைத்ததற்கு ஒரு காரணம், அதன் பாட்டம் பிராக்கெட் கூடு திருகுமரை வெட்டியது, 73 மி.மீ. அகலம். அழுத்திச் செருகும் வகையில் இன்னும் கொஞ்சம் கிராம் மிச்சமாகும். ஆனால் கார்பன் கூட்டின் துளை வட்டத்திலிருந்து தலைமுடி அளவு பிசகினாலும் பேரிங் முனகத் தொடங்கிவிடும். அந்த முனகலோடு பந்தயம் ஓட்டியவர்கள் அந்தச் சில கிராமை மகிழ்ச்சியாக விட்டுக்கொடுப்பார்கள்.

சக்கரங்கள்

அதிக நேரம் எடுத்தது சக்கரம். வாங்கிப் பொருத்தாமல் கையால் கட்டினோம். 30 மி.மீ. உள்ளகலம் கொண்ட கார்பன் ரிம், ஒன்று 360 கிராம். முன் ஹப் 115, பின் ஹப் 215. சக்கரத்துக்கு 28 ஸ்போக். தட்டையாக அடிக்கப்பட்ட மெல்லிய எஃகு ஸ்போக், ஒன்று நான்கேகால் கிராம் சொச்சம். மொத்தம் 56 ஸ்போக்கும் 240 கிராம்.

ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்டான நிப்பிளில் ஒரு சிறிய விவாதம் நடந்தது. அலுமினிய நிப்பிள் ஒன்று மூன்றில் ஒரு கிராம். பித்தளை ஒரு கிராம். எல்லாவற்றையும் அலுமினியத்தில் போட்டால் 18 கிராமில் முடிந்துவிடும். ஆனால் கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ரிம்மின் துளைகளை மூடும் டேப்பில் ஓரிடத்தில் கசிந்து, ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் பால் போன்ற சீலண்ட் உள்ளே போனால், அதில் அமோனியா இருக்கும்பட்சத்தில் அரிப்பு இன்னும் வேகமாகும். நிப்பிளின் தலை தெறிப்பது பெரும்பாலும் இப்படித்தான். பின்சக்கரத்தில் இழுவிசை அதிகம், மிதியின் முழு விசையும் அங்கேதான் போகிறது. முன்னால் அலுமினியம், பின்னால் பித்தளை என்று பிரித்துக்கொண்டோம். கூடுதல் விலை 19 கிராம்.

தட்டை ஸ்போக்கை இறுக்கும்போது நிப்பிளோடு சேர்ந்து ஸ்போக்கும் முறுகும். பிளவு வைத்த சிறு கருவியால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் விட்டால் தாங்கியில் நேராக நின்ற சக்கரம் முதல் ஓட்டத்திலேயே "டிங், டிங்" என்று முறுக்கை அவிழ்த்துக்கொண்டு வளையும். பின்சக்கரத்தின் செயின் பக்கத்தை 115 கிலோகிராம் விசை வரை கொண்டுபோனேன். இணையாக ஓடும் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிசைந்து, மறுபடி அளந்து, மறுபடி நேராக்கி முடித்தேன். டயரை மாட்டிக் காற்றடித்த பிறகு அதே ஸ்போக்குகளை அளந்தால் இழுவிசை குறைந்திருக்கும். டயர் ரிம்மை எல்லாப் பக்கமும் உள்நோக்கி அழுத்துவதால் வருவது அது. சக்கரம் தளர்ந்துவிட்டதாக எண்ணி மேலும் இறுக்கக் கூடாது.

இரு சக்கரங்களும் சேர்ந்து 1,327 கிராம்.

பூட்டும் வேலை

மீதியை வேகமாகச் சொல்கிறேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க், 100 மி.மீ. பயணம் கொண்டது, 1,385 கிராம். ஃபோர்க்கிலிருந்து மேலே நீளும் ஸ்டியரர் குழாயை, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நிற்கும்படி வெட்டினோம். முதலில் தேவையைவிட இரண்டு வளையம் அதிகமாக விட்டு, ஓட்டுபவர் உட்கார்ந்து உயரம் உறுதியான பிறகுதான் ரம்பம். கார்பன் ஹேண்டில்பார் 135 கிராம், ஸ்டெம் 100. அவற்றின் போல்ட்டுகள் 5 நியூட்டன் மீட்டர். இந்த அளவைக் கையால் உணர முடியும் என்று சொல்பவர்களிடம் டார்க் ரெஞ்ச்சைக் கொடுத்துச் சோதித்தால் பெரும்பாலோர் ஏழு எட்டில்தான் நிறுத்துவார்கள். கார்பன் குழாய்க்கு அந்த இரண்டு மூன்று எண்தான் விரிசல். சீட் போஸ்ட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் கிரீஸ் பூசாமல், நுண்மணல் போன்ற துகள் கலந்த உராய்வுப் பசையைத் தடவினோம். அது இருந்தால் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் நிற்கும்.

2016-இல் ஸ்ராம் ஈகிள் என்ற பெயரில் 10 முதல் 50 பல் வரையுள்ள 12 வேகக் கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) வந்தபோது, முன்பக்கக் கியர் மாற்றிக்கு இருந்த கடைசி நியாயமும் போய்விட்டது. ஒரு மாற்றி, ஒரு கேபிள், ஒரு ஷிஃப்டர், ஒரு பல்சக்கரம் என அப்படியே கழிந்துவிடும். இதைவிடப் பெரிய எடைக் குறைப்பை எந்த டைட்டானிய போல்ட்டும் தராது. இங்கேயும் அதே அமைப்புதான்: முன்னால் 34 பல், பின்னால் 10 முதல் 50. கிராங்க், பேரிங், கேசட், செயின், மாற்றி, ஷிஃப்டர், கேபிள் எல்லாம் சேர்த்து 1,533 கிராம். செயின் நீளத்தை மாற்றி வழியாகக் கொண்டுபோகாமல் இரண்டு பெரிய பல்சக்கரங்களையும் சுற்றிப் பார்த்து, ஒரு ஜோடிக் கண்ணி கூட்டி வெட்டினோம். மாற்றியின் மேல் உருளைக்கும் 50 பல் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தயாரிப்பாளர் தரும் அளவியை வைத்தே சரிசெய்ய வேண்டும். கண்ணளவில் வைத்தால் மேலே ஏறும்போது தயங்கும்.

பிரேக்குகளும் 160 மி.மீ. டிஸ்க் இரண்டும் போல்ட்டுகளோடு 610. ஸ்டெம், ஹேண்டில்பார், நுரைக் கைப்பிடி மூன்றும் 257. கார்பன் சீட் போஸ்ட்டும் இருக்கையும் 310. பெடல் 310, தண்ணீர்ப் பாட்டில் தாங்கி 20. ஃபிரேமோடு ஹெட்செட், பின் அச்சு, சீட் கிளாம்ப் சேர்ந்து 1,126.

டயர்: முன்னால் 2.35 அங்குலம் 640 கிராம், பின்னால் 2.25 அங்குலம் 575 கிராம். சீலண்ட் சக்கரத்துக்கு 70 மில்லி. டேப்பும் வால்வும் 30. இந்த வரிசை மொத்தம் 1,385 கிராம். ஃபோர்க்கின் எடையும் இதேதான். தரையைத் தொடும் ரப்பரும் உள்ளே இருக்கும் சீலண்ட்டும், பிஸ்டனும் காற்றறையும் கொண்ட ஒரு முழு ஃபோர்க்கும் ஒரே எடை. எடை குறைக்க வருகிறவர்கள் முதலில் டயரில் கை வைப்பது இதனால்தான். கிராமுக்குக் கிராம் அதுதான் மலிவு.

பாதை

சோதனைப் பாதையில் மூன்று பகுதிகள். மூன்றரை கிலோமீட்டரில் 300 மீட்டர் உயரும் ஏற்றம். அதன் பின் கல்லும் வேரும் நிறைந்த இறக்கம். கடைசியில் மண் இறுகிய வேகமான சமதளம். ஏற்றத்தில் 240 வாட்டைப் பிடித்துக்கொண்டு போவது நிபந்தனை. அதற்காகச் சோதனை நாட்களில் மட்டும் பவர் மீட்டர் உள்ள கிராங்க் பொருத்தினோம், அதன் எடை மேலே சொன்ன கணக்கில் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். டயரையும் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றிவிட்டு எது உதவியது என்று பேசுவதில் பயனில்லை.

ஓட்டுவதற்கு முன் காகிதத்தில் போட்ட கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கிலோவை 300 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 2,940 ஜூல் தேவை. 240 வாட் கொடுப்பவருக்கு அது 12 வினாடி. உருளல் இழப்பையும் (டயர் உருளும்போது வீணாகும் ஆற்றல்) சேர்த்தால் 15 வினாடிக்குப் பக்கத்தில் வரும். முழு ஏற்றமும் சுமார் 20 நிமிடம். ஒரு கிலோவுக்கே இவ்வளவுதான் என்றால், 50 கிராமுக்காகத் தூக்கம் கெடுவதில் அர்த்தமில்லை.

அதே கணக்கில் உருளல் எதிர்ப்பை வைத்துப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 79 கிலோ. டயரின் உருளல் எதிர்ப்புக் குணகம் 0.020-லிருந்து 0.025 ஆனால், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் 11.6 வாட் கூடுதலாகப் போகும். இந்த ஏற்றத்தில் அது சைக்கிளின் எடை ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோ கூடியதற்குச் சமம். ரப்பரிலும் காற்றழுத்தத்திலும் நிகழும் சிறு மாற்றம், இரண்டு ஃபிரேம்களின் எடை வித்தியாசத்தை அப்படியே விழுங்கிவிடும்.

முதல் ஓட்டங்களில் ஏற்றத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் புகழ்ச்சி. இறக்கத்தைப் பற்றி, "அண்ணா, பின்சக்கரம் தரையில் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்றார். பின்டயரில் காற்றழுத்தம் 24 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 24 பவுண்டு) இருந்தது. அதற்குக் கீழே இறக்கினால் கல் விளிம்பில் ரிம் மோதியது. முதல் முறை மோதியதும் டயரைக் கழற்றி ரிம்மின் இரு உதடுகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். பிறகு ஒரு பஞ்சுத் துண்டை விளிம்பு நெடுக இழுத்தோம். விரிசலில் இழை நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அங்கே சிக்கும். கண்ணுக்குத் தெரியாததையும் பஞ்சு காட்டிக்கொடுக்கும். சிக்கவில்லை. ஆனால் டயரின் பக்கச்சுவரில் நகக்கண் அளவு வெட்டு இருந்தது. சீலண்ட் அதை அடைத்து வெள்ளைப் பொட்டாக நின்றிருந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டயர் மெல்லியது என்பதால் காற்று அதிகம் வைக்க வேண்டியிருக்கிறது. காற்று அதிகம் என்பதால் பின்சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் எகிறுகிறது. எகிறும்போது பிரேக் பிடிக்காது, மிதித்தாலும் விசை தரையில் இறங்காது. ஹார்ட்டெயிலில் பின்பக்கத்துக்கு இருக்கிற ஒரே சஸ்பென்ஷன் அந்த டயர்தான். 575 கிராம் டயரைப் போட்டதால் கிடைத்த இலேசை, 24 பி.எஸ்.ஐ. அழுத்தம் திருப்பிப் பறித்துக்கொண்டது.

திருப்பிக் கொடுத்தவை

பின்டயரை 2.35 அங்குல, பக்கச்சுவர் வலுவான ஒன்றாக மாற்றினோம்: 730 கிராம். முன்டயரை 2.4 ஆக்கினோம்: 710. சீலண்ட்டைச் சக்கரத்துக்கு 100 மில்லி ஆக்கினோம். மொத்தம் 285 கிராம் கூடியது. எல்லாம் சக்கரத்தின் விளிம்பில், அதாவது எடை குறைப்பவர்கள் "சுழலும் எடை" என்று பயமுறுத்தும் இடத்தில்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். விளிம்பில் இருக்கும் எடையை வேகப்படுத்த இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது உண்மை. வினாடிக்கு 2.5 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை வேகமெடுக்க 79 கிலோவுக்கு 740 ஜூல் வேண்டும். கூடுதலான 285 கிராம், இரட்டிப்புக் கணக்கில், 5 ஜூல். வளைவுக்கு வளைவு நின்று நின்று எழும்பும் பந்தயத்திலும் இது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. அடுத்த வளைவில் பிரேக்கைச் சற்றுத் தாமதமாகப் பிடிக்க முடிந்தால், அந்த 5 ஜூலைச் செலவழிக்கும் தேவையே வராது.

புதிய டயரில் பின்னால் 20, முன்னால் 18 பி.எஸ்.ஐ. ரிம் மோதவில்லை. அதைவிட முக்கியமானது, ஏற்றத்தின் நடுவில் இருக்கும் வேர் நிறைந்த துண்டில் அவர் உட்கார்ந்தபடியே மிதித்துப் போனார். முன்பு அங்கே எழுந்து நிற்க வேண்டியிருந்தது. கரடுமுரடான தரையில் அழுத்தம் குறைந்தால் டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும், ஆளையும் சைக்கிளையும் தூக்கிப் போடுவதில் வீணாகும் ஆற்றல் மிச்சமாகும். வழவழப்பான தார்ச்சாலையில் இந்தக் கதை தலைகீழ். கடைசிச் சமதளத்தில் புதிய டயர் சற்று மந்தமாக இருந்தது என்று அவரும் சொன்னார், கடிகாரமும் சொன்னது.

அடுத்தது முன் டிஸ்க். நீண்ட இறக்கத்தின் அடியில் பிரேக் நெம்புகோல் கைப்பிடியை நோக்கி நெருங்கிவந்தது; டிஸ்க்கின் ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. சூடேறியதற்கு அந்த நிறமே சாட்சி. 160-ஐ 180 ஆக்கினால் அதே நெம்பு விசையில் பிரேக்கின் முறுக்கு எட்டில் ஒரு பங்கு கூடும், வெப்பத்தை வெளியேற்றும் பரப்பும் கூடும். இணைப்புத் துண்டோடு 50 கிராம். பின்னால் 160 போதும். பின்சக்கரத்தை வழுக்கவைக்க அதுவே தாராளம். புதிய டிஸ்க்கைப் பொருத்தியதும், மிதமான வேகத்திலிருந்து சக்கரம் பூட்டாமல் பலமுறை பிடித்துப் பிடித்து விட்டுப் பழக்கினோம். பிரேக் பட்டையின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிமானம் வரும். இதைச் செய்யாமல் முதல் நாளே மலையில் இறங்கிவிட்டு பிரேக் சரியில்லை என்று சொல்வது நியாயமல்ல.

கடைசியாக டிராப்பர் போஸ்ட், ஓட்டும்போதே நெம்புகோலை அழுத்தி இருக்கையைத் தாழ்த்தி உயர்த்த உதவும் சீட் போஸ்ட். இதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. "ஏறும்போது அது சும்மாதானே அண்ணா கூட வருகிறது?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. 160 கிராம் கார்பன் போஸ்ட்டுக்குப் பதில் 405 கிராம், நெம்புகோலும் கேபிளும் 60. மொத்தம் 305 கிராம் கூடும். ஒரே மாற்றத்தில் ஏறும் மிகப்பெரிய எடை இதுதான்.

"தம்பி, ஒரு வாரம் ஓட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடுகிறேன்" என்றேன். கழற்றும் வேலை வரவில்லை. இருக்கை 100 மி.மீ. கீழே போனதும் உடல் தாழ்கிறது. செங்குத்தான படியில் இருக்கை வயிற்றை முட்டித் தள்ளுவதில்லை. உடல் பின்னாலும் கீழும் போக இடம் கிடைத்ததால் முன்பிரேக்கை அவர் முன்பைவிடத் துணிந்து பிடிக்கிறார். 180 டிஸ்க்கின் முழுப் பயனும் டிராப்பர் வந்த பிறகுதான் கிடைத்தது. ஒன்றில்லாமல் மற்றது பாதிதான்.

இறக்கத்தில் முதல் வடிவத்துக்கும் இறுதி வடிவத்துக்கும் அரை நிமிடத்துக்கும் மேல் வித்தியாசம். பாதையைப் பழகியதால் வந்த முன்னேற்றமும் இதில் கலந்திருக்கும் என்பதால், கடைசியில் ஒருமுறை பழைய டயரையும் போஸ்ட்டையும் திரும்ப மாட்டி ஓட்டச் சொன்னேன். நேரம் ஏறக்குறைய பழைய இடத்துக்கே போனது. ஏற்றத்தில், 640 கிராமுக்குக் காகிதக் கணக்கு 8 வினாடி. உருளல் இழப்போடு 9 அல்லது 10. கடிகாரத்தில் அது தென்படவே இல்லை. ஒரே ஆள், ஒரே வாட்டில், அடுத்தடுத்த நாட்களில் ஏறினாலே மண்ணின் ஈரத்தாலும் காற்றாலும் அதைவிட அதிகம் மாறுகிறது.

ஒரு சத்தம்

சோதனையின் நடுவில் செங்குத்தான ஏற்றத்தில் "டக்" என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மிதியின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை. கார்பன் ஃபிரேம் உள்ளே வெற்றாக இருப்பதால் சத்தத்தைப் பெருக்கி வேறிடத்தில் கொண்டுவந்து போடும்; கேட்கிற இடத்தில் காரணம் இருக்க வேண்டியதில்லை. இந்தச் சத்தம் தெளிவாகப் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து வந்தது போலத்தான் இருந்தது.

எழுந்து நின்று மிதித்தபோதும் வந்தது. எனவே இருக்கையும் போஸ்ட்டும் இல்லை. மிதிக்காமல் உருட்டினால் வரவில்லை. வேறு பெடல் போட்டும் மாறவில்லை. கிராங்க்கைக் கழற்றி, பேரிங் கூட்டின் திருகுமரையைத் துடைத்து, புதுக் கிரீஸ் போட்டு 40 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம். சத்தம் அப்படியே. கடைசியில் பின் அச்சை உருவி, கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கரைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஹேங்கர் ஃபிரேமைத் தொடும் பரப்பு உலர்ந்து, பெயின்ட் தூள் படிந்து, ஓர் ஓரம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. முழு விசையில் மிதிக்கும்போது அந்த ஓரம் நூலளவு நகர்ந்திருக்கிறது. துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி, அதன் போல்ட்டை 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம். இது இடதுபக்கத் திருகுமரை. வழக்கமான திசையில் திருப்பிக் கழற்ற முயன்றால் இன்னும் இறுகும். அதன் பின் சத்தம் வரவில்லை.

தீர்க்க வேண்டியவை

34 பல் முன்சக்கரத்தை 32 ஆக்குவது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். 20 சதவீதச் சரிவில் 240 வாட் கொடுத்தால் 34-க்கு நிமிடத்துக்கு 55 சுற்று வரும், 32-க்கு 58. வித்தியாசம் சிறியது, ஆனால் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் களைத்த காலுக்கு அது சிறியதல்ல என்பது என் கட்சி. சமதளத்தில் வேகம் போய்விடும் என்பது அவர் கட்சி. அடுத்த பந்தயத்தின் பாதையைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

பின்சக்கரத்துக்குள் நுரை வளையம் போடுவதும் பட்டியலில் இருக்கிறது. ரிம்மைக் காக்கும், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போகலாம். எடை கூடும், டயர் மாற்றுவது கைவலி. அதைப் போட்டால் பின்னழுத்தத்தை 18-க்கு இறக்கியும் ரிம் மோதாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். 18-இல் ஏற்றத்து வேர்ப் பகுதி இன்னும் எளிதானால் வளையம் இருக்கும், இல்லையென்றால் கழற்றிவிடுவேன். அதுவரை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் பின்டயரைக் கழற்றி, ரிம் விளிம்பில் பஞ்சை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.